வீட்டுக்குப் போகும் குறிப்பு

"கணக்கில் கவனம் போதாது" என்று டைரியில் எழுதி அனுப்பினால் பெற்றோருக்கு ஒன்றும் விளங்காது. பிள்ளைக்குத் திட்டுதான் மிச்சம். எங்கே தடுக்குகிறது என்பதை எழுதுங்கள்: "52-இல் 27 போக 35 என்கிறாள். கடன் வாங்கியதும் பத்துகள் இடத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிடுகிறாள். தினமும் 3 கணக்கு, 5 நிமிடம். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுங்கள். ஒரு கட்டைப் பிரித்து அவளே கழித்துக் காட்டட்டும். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்."

ஒரு குறிப்புக்கு ஒரு வேலைதான். நாலைந்தைத் திணித்தால் எதுவும் நடக்காது.

வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் போடுவதை அறவே விடுங்கள் (அது தகவல் அல்ல, தண்டோரா). வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு 30 விநாடிக் குரல்பதிவு போதும்.

பத்து நாள் கழித்து அதே மாதிரி 4 கணக்கு கொடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.