ஈரமானி சொன்ன பொய்

கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு, 36 வயதில், வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே கையில் ஈரமானியைக் கொடுத்தார்கள். அதன் இரண்டு ஊசிகளையும் சுவரில் அழுத்தினால் எண் காட்டும். ஒரு வீட்டில் எண் எகிறியது. "சுவர் முழுக்க ஈரம்" என்று எழுதிவிட்டேன். கூட வந்த சீனியர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காஞ்சுதானே இருக்கு?" ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் கருவி அளக்கிறதாம். ஈரம் இருந்தால் எளிதாகப் பாயும்; உப்பு இருந்தாலும் அப்படித்தானாம். பூச்சில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு அதை ஏமாற்றியிருக்கிறது. (என்னையும்தான்.)

அப்புறம் விரிசல். தலைமுடி அளவு என்றால் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதுதான். செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டு மாதிரி இறங்கினால், அஸ்திவாரம் அசைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

வீடு வாங்குபவர்கள் கேட்பதென்னவோ ஒரே கேள்வி: "வாங்கலாமா?" அதைச் சொல்வது என் வேலையில்லை. பார்த்ததை எழுத வேண்டும். பீரோவை நகர்த்த முடியாமல் பின்சுவரைப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும்.

முட்டி வலியைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு பரண் ஏற வேண்டும்.