டிஎம்பி ஏறினா உடனே ஹைப்போவ தூக்காதீங்க

அனரோபிக் மெம்பரேன் பிளான்ட்டுக்கு, அதாவது காத்து இல்லாம வாழுற நுண்ணுயிர்கள வச்சு கழிவுநீர சுத்தம் பண்ணி மெம்பரேன்ங்குற நுண்துளை வடிகட்டியில வடிக்கிற இடத்துக்கு, வேலைக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் ஏரோபிக் எம்பிஆர், அதாவது காத்து ஊதி ஓட்டுற மெம்பரேன் பிளான்ட், ஓட்டிட்டு வர்றவங்கதான். அங்க பழகின கை, டிஎம்பி (மெம்பரேனோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உள்ள அழுத்த வித்தியாசம், அடைப்பு கூடினா ஏறும்) ஏறினதும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் ப்ளீச்) போடத்தான் போகும். இங்க அது சரிப்படாது, புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் முதல்ல சொல்றதே இததான்.

ஏன்னா இங்க சேர்ற அழுக்கு வேற. நுண்ணுயிர்கள் விடுற புரதம், சர்க்கரைப் பொருள் எல்லாம் வழவழன்னு படலம் கட்டுறது ரெண்டு இடத்துலயும் உண்டு. ஆனா அனரோபிக்ல அமோனியாவும் பாஸ்பேட்டும் தண்ணியில கரைஞ்சே நிக்குது, கூட மெக்னீசியமும் இருந்து பிஹெச்சும் ஏறிடுச்சுன்னா இது மூணும் சேர்ந்த ஸ்ட்ருவைட்ங்குற உப்பு படிய ஆரம்பிச்சிடும், கால்சியம் இருந்தா கார்பனேட்டும் சேர்ந்துக்கும். மெம்பரேன் வழியா வடிஞ்சு வர்ற தண்ணிய, அதாவது பெர்மியேட்ட, பம்ப் இழுக்குறப்ப தண்ணியில இருக்குற கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு போய் பிஹெச் ஏறுது பாருங்க, அதனாலதான் பெர்மியேட் பைப் உள்ளயும் வெள்ளையா கட்டிப் பிடிக்குது. ஹைப்போ காரம், இந்தப் படிவுக்கு அது ஒண்ணும் பண்ணாது. டேங்க் பக்கம் போற ஹைப்போவையும் சல்பைடும் அமோனியாவும் தின்னுடும், மிச்சம் இருக்குறது மீத்தேன் உண்டாக்குற உயிர்கள அடிக்கும், அதுங்க மெதுவா வளர்ற ஜாதி, போச்சுன்னா திரும்ப வர ரொம்ப நாளாகும்.

அதனால முதல்ல டிஎம்பி கிராஃப பாருங்க. பல நாளா மெல்ல ஏறி திடீர்னு எகிறினா பெரும்பாலும் ஃப்ளக்ஸ் (மெம்பரேன் பரப்பு வழியா தண்ணி இழுக்குற வேகம்) அதிகம், இல்ல பயோகேஸ் ஸ்பார்ஜிங் (மெம்பரேன் மேல அழுக்கு ஒட்டாம இருக்க அடியில பயோகேஸ ஊதுறது) எங்கயோ அடைச்சிருக்கு, அதுக்கு கெமிக்கல் வேண்டாம், ஃப்ளக்ஸ குறைச்சு கேஸ் லைன சரி பண்ணாலே பாதி இறங்கிடும். வெள்ளைப் படிவு தெரிஞ்சா கொஞ்சம் சுரண்டி ஆசிட் விட்டுப் பாருங்க, நுரைச்சா கார்பனேட், நுரைக்காம கரைஞ்சா ஸ்ட்ருவைட்டா இருக்கலாம். ரெண்டுக்குமே சிட்ரிக் ஆசிட் முதல்ல, நல்லா அலசின பிறகுதான் ஹைப்போ, அதுவும் ஸ்லட்ஜ, அதாவது நுண்ணுயிர்கள் இருக்குற சேற, வடிச்ச டேங்க்ல.

அந்த அலசல்ல அவசரமே கூடாது. ஆசிட்டும் ஹைப்போவும் கலந்தா குளோரின் கேஸ் வரும். அதவிட ஆட்கள் மறக்குறது இன்னொன்னு, கருப்பு ஸ்லட்ஜ் ஒட்டியிருக்குற மெம்பரேன் மேல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதனால மூக்க நம்பாதீங்க, கேஸ் டிடெக்டர் போட்டுக்கிட்டு போங்க. டேங்க திறக்குறதுக்கு முன்னாடி நைட்ரஜன் விட்டு மீத்தேன வெளியேத்தணும், வேலை அவசரம் எவ்ளோ இருந்தாலும் இதுல ஷார்ட்கட் கேக்குறவங்கள நான் ஷிஃப்ட்ல விடமாட்டேன்.

கிளீனிங் முடிஞ்சதும் டிஎம்பி எவ்ளோ இறங்குச்சுன்னு மட்டும் எழுதிட்டுப் போறாங்க, அது பத்தாது. தண்ணி சூடா இருந்தா தானாவே சுலபமா இறங்கும், அதனால பெர்மியபிலிட்டிய (ஃப்ளக்ஸ டிஎம்பியால வகுத்தா வர்றது) ஒரே வெப்பநிலைக்கு மாத்தி எழுதுங்க, ஒவ்வொரு கிளீனிங்குக்கு அப்புறமும் அது முன்ன விட கம்மியாவே நிக்குதுன்னா கிளீனிங்ல போகாத அழுக்கு உள்ள சேர்ந்துட்டே வருதுன்னு அர்த்தம்.