பதினோராவது லீவு லெட்டர்

தனியார் பள்ளியின் ஆபீஸ் ரூமில் நாள் தொடங்குவது சப்ஸ்டிட்யூஷன் நோட்டில்தான். இன்று யார் வரவில்லை, அவர்களுடைய எந்தப் பீரியடுக்கு யார் போக வேண்டும் என்பதை எட்டேகால் மணிக்குள் எழுதி ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பியாக வேண்டும். நோட்டு உள்ளே வரும்போது அத்தனை மிஸ்களும் ஏதாவது பேப்பர் திருத்துவதுபோலக் குனிந்துகொள்வார்கள். தன் ஃப்ரீ பீரியட் போய்விட்டது என்பதை இரண்டு நிமிடம் தாமதமாகவாவது தெரிந்துகொள்ளலாமே என்றுதான். சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபத்தைந்து வருடம் அந்த நோட்டை எழுதியவள் நான்.

2009 ஆகஸ்ட்டில்தான் அந்த நோட்டைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பன்றிக் காய்ச்சலை உலகளாவிய பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் ஜூன் 11ஆம் தேதியே அறிவித்திருந்தது. ஜூனில் எந்தப் பள்ளி ஆபீஸுக்குத்தான் அது காதில் விழும்? நாங்கள் நோட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் 3ஆம் தேதி புனேயில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி இறந்தாள்; இந்தியாவில் அந்த நோய்க்கு அதுதான் முதல் சாவு. ஒரே வாரத்தில், 10ஆம் தேதி, சென்னையில் நான்கு வயதுப் பையன். மறுநாள் காலை கேட் திறக்கும் முன்பே பெற்றோர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "லீவு விடுவீங்களா, மாட்டீங்களா?"

பள்ளி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் கரஸ்பாண்டென்ட் சார் என்னைக் கூப்பிட்டார். "என்னென்ன ஏற்பாடு பண்ணணுமோ, ஒரு ஃபைல் போட்டுடுங்கம்மா."

சோப்பு, பினாயில், அசெம்பிளி ரத்து, சுதந்திர தின விழாவை மைதானத்தில் சுருக்கமாக முடிப்பது. இந்தப் பட்டியல் அரைமணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்தேன். எங்களிடம் 30 செக்‌ஷன், 40 டீச்சர். நாளைக்கு எட்டுப் பீரியட். ஒருவருக்கு ஆறு வகுப்பு, இரண்டு ஃப்ரீ. ஒருவர் வராவிட்டால் ஆறு பீரியட் நிரப்ப வேண்டும். பத்துப் பேர் வராவிட்டால் நிரப்ப வேண்டியது 60. மிச்சமுள்ள முப்பது பேரின் ஃப்ரீ பீரியட்களை ஒன்று விடாமல் பிடுங்கினாலும் 60தான். பதினோராவது லீவு லெட்டர் வந்தால் 66க்கு 58. அன்றைக்கு எட்டு வகுப்புகளில் குழந்தைகள் இருப்பார்கள், முன்னால் ஆள் இருக்காது.

காகிதத்தில்தான் பத்து. எங்களிடம் அப்போது இரண்டு மிஸ்கள் கர்ப்பமாக இருந்தார்கள். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளைக் கூடுதலாகத் தாக்குகிறது என்று டாக்டர்கள் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் வரும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? அப்படியானால் என் கையில் இருப்பது எட்டு லீவு லெட்டர்தான்.

வேன் விஷயம் இன்னும் மோசம். ஏழு வேன், ஏழு டிரைவர். டிரைவருக்கு ஃப்ரீ பீரியட் கிடையாது. "ரெண்டு நாள் நான் ஓட்டறேன் மேடம்" என்று பி.டி. மாஸ்டர் முன்வந்தார். நல்ல மனசு, கையில் இருந்தது கார் லைசென்ஸ். அந்த வண்டிக்குரிய லைசென்ஸும் பேட்ஜும் இல்லாதவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து ஏதாவது ஆகிவிட்டால், அப்போதைய நடைமுறைப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டிச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கேட்கும். சொந்தக்காரர் என்றால் பள்ளியை நடத்தும் டிரஸ்ட். மாஸ்டரிடம் நன்றி சொல்லி, ஃபைலில் ஒரு வரி எழுதினேன்: டிரைவர் இல்லாத ரூட்டுக்கு அன்று வேன் இல்லை, முந்தைய நாள் இரவே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பெருந்தொற்றுத் திட்டம் என்ற பெயரில் நான் எழுதியவற்றில் இன்றுவரை வெட்கப்படாமல் படிக்கக்கூடிய வரி அது ஒன்றுதான்.

வெட்கப்படும்படியான வரிகளும் உண்டு. காய்ச்சலில் லீவு போட்ட குழந்தை திரும்பி வரும்போது "பன்றிக் காய்ச்சல் இல்லை" என்று சர்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும் என்று முதல் சர்குலரில் போட்டுவிட்டேன். பாதுகாப்பாக இருக்கட்டுமே என்ற நினைப்பு. உண்மையில் அது பள்ளியின் தலைக்குப் பாதுகாப்பு. மத்திய சுகாதார அமைச்சகம் அந்த நாட்களில் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருந்தது. லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ: பரிசோதனை வேண்டாம், டாமிஃப்ளூ மாத்திரை வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் சி: உடனே ஆஸ்பத்திரி, பரிசோதனை. எங்கள் சர்குலர் போன மூன்றாம் நாள் ஒரு அப்பா வந்து ஆபீஸ் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஜலதோஷம் விட்டுப்போன பையனைத் தூக்கிக்கொண்டு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருக்கிறார். "நல்லா இருக்கற புள்ளய அத்தனை கூட்டத்துல நிக்க வச்சுட்டு வந்தேன். டெஸ்ட் வேணாம்னு அனுப்பிட்டாங்க. இப்ப உங்க சர்டிஃபிகேட்டுக்கு நான் எங்க போக?" சர்குலரை அன்று மாலையே திருத்தினேன். திருத்திய பிரதியில் மன்னிப்பு என்ற சொல் இல்லை; பள்ளிச் சுற்றறிக்கைகளில் அந்தச் சொல் வழக்கமில்லை.

பெற்றோரில் ஒருவர் வக்கீல். அவர்தான் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மதராஸ் மாகாணம் இயற்றியது, தமிழ்நாட்டில் இன்றும் செல்லும். தொற்றுநோய் உள்ள குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதே என்று சுகாதார அதிகாரி நோட்டீஸ் கொடுத்த பிறகு, அவரிடம் சான்று வாங்காமல் பெற்றோர் அனுப்பக் கூடாது என்று அதில் இருந்தது. தொற்று உள்ளவர்கள் பொது நூலகப் புத்தகத்தைத் தொடுவதைப் பற்றிக்கூட ஒரு பிரிவு! எங்கள் லைப்ரரி மிஸ் அதைப் படித்துவிட்டு, "பாருங்க மேடம், எழுபது வருஷத்துக்கு முன்னாடியே புத்தகத்தப் பத்தி யோசிச்சிருக்காங்க" என்று பெருமைப்பட்டார். புத்தகத்தைப் பற்றி யோசித்திருந்தார்கள்தான். வேலைக்கு வராமல் வீட்டில் நிற்பவருக்கு அந்த மாதச் சம்பளத்தை யார் தருவது என்று அந்தப் பக்கங்களில் தேடினேன். இல்லை. தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே எங்கள் எல்.கே.ஜி. ஆயாம்மா விஷயத்துக்குப் பிறகுதான்.

ஸ்டாஃபுக்கான சர்குலரையும் நான்தான் எழுதியிருந்தேன். சட்டப்படி ஒரு குறை சொல்ல முடியாத வாசகம்: "காய்ச்சல், இருமல், தொண்டை வலி உள்ள ஊழியர்கள் ஏழு நாட்கள் பணிக்கு வரக் கூடாது. விடுப்பு, நடைமுறையிலுள்ள விதிகளின்படி கணக்கிடப்படும்." நடைமுறையிலுள்ள விதி என்பது வருடத்துக்கு 12 நாள் சி.எல்., அதாவது சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு; அது தீர்ந்தால் எல்.ஓ.பி., அதாவது சம்பளப் பிடித்தம். டீச்சர்களுக்கே அவ்வளவுதான். ஆயாக்களுக்கு சி.எல். கிடையாது. வந்தால் சம்பளம், வராவிட்டால் பிடித்தம்.

எல்.கே.ஜி. ஆயாம்மாவுக்கு மாதம் 2,700 ரூபாய். நாளைக்கு 90. ஏழு நாள் வீட்டில் இருந்தால் 630 ரூபாய் போய்விடும். அவருக்கு வீட்டு வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் கேட்டு வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வந்தார். குழந்தைகளுக்கு மூக்கு துடைத்தார், டிஃபன் பாக்ஸ் திறந்து ஊட்டினார், நான் ஏற்பாடு செய்த சோப்பில் வரிசையாகக் கை கழுவ வைத்தார். மூன்றாம் நாள் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது.

"ஏன் ஆயாம்மா, சர்குலர் படிச்சுக் காட்டினாங்கல்ல? காய்ச்சலோட வரக் கூடாதுன்னு?"

"காட்னாங்க மேடம். சம்பளத்தப் புடிச்சுருவீங்கன்னும் அதுலயே இருந்துச்சே."

அந்த வாரம் அந்த எல்.கே.ஜி. செக்‌ஷனில் எட்டுக் குழந்தைகள் வரவில்லை. ஆயாம்மாவிடமிருந்து குழந்தைகளுக்குப் போனதா, குழந்தைகளிடமிருந்து ஆயாம்மாவுக்கு வந்ததா, அது பன்றிக் காய்ச்சல்தானா, யாராலும் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். அதனால்தான் இதை இப்படி நிதானமாக எழுத முடிகிறது. நான் போட்ட சர்குலர் முதல் வரியில் அவரை வராதே என்றது, இரண்டாம் வரியில் வா என்றது. அவர் இரண்டாம் வரிக்குக் கட்டுப்பட்டார்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் சாரிடம் போய், காய்ச்சல் என்று சொன்னால் ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு, டாக்டர் சீட்டு கேட்க வேண்டாம், ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லாருக்கும் ஒரே விதி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கே எல்லாருக்கும் காய்ச்சல் வந்துடும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பள்ளி நடத்துகிறவர்கள் எல்லாரும் சொல்லும் பதில் அது. செப்டம்பர் முடியும்வரை மட்டும் என்று பேசி முடித்தோம். பள்ளி காலியாகவில்லை. சில பேர் எடுத்தார்கள், எடுத்தவர்களில் ஒன்றிரண்டு பேர் ஏமாற்றியும் இருக்கலாம். ஒருவர் அந்த வாரத்தில் சொந்தக்காரக் கல்யாணத்தில் இருந்ததாகக் கேள்வி. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஆண்டு விழாவுக்கு மேடையும் சீரியல் செட்டும் போட்டவருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அக்டோபரில் பழைய விதி திரும்ப வந்தது. ஃபைலைக் கட்டி பீரோவில் வைத்தேன். 2010 ஆகஸ்ட்டில் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தபோது யாருக்கும் அந்த ஃபைல் ஞாபகமில்லை.

இன்னொன்றும் அந்த வக்கீலிடம்தான் தெரிந்துகொண்டேன். கோவாவில் ஒரு ஆசிரியை தொடர்ந்த வழக்கில், பள்ளி ஆசிரியர்கள் தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளர்' அல்லர் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லிக் கொடுப்பது உன்னதமான பணி, அதைக் கூலி வேலையோடு சேர்க்க முடியாதாம். ஆகவே அன்றைய சட்டப்படி, சம்பளத்துக்கோ வேலை நீக்கத்துக்கோ எங்கள் வேன் டிரைவர் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். அதே வேனில் வரும் கணக்கு மிஸ் போக முடியாது. உன்னதம் எப்போதுமே கொஞ்சம் செலவு வைக்கிற சமாச்சாரம். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

2020 மார்ச்சில் பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தேன். பத்து லீவு லெட்டர் கணக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று, பள்ளியே மூடிவிட்டது. மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை, ஊரடங்குக் காலத்துக்கு ஊழியர்களின் ஊதியத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தொழிற்சாலையானாலும் கடை, வணிக நிறுவனமானாலும் என்பது வாசகம். நாங்கள் கூடிப் பேசிய ஒரே விஷயம், பள்ளி என்பது தொழிற்சாலையா, கடையா. பேசி முடிப்பதற்குள் மே 18 வந்துவிட்டது, உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். கட்டணம் கேட்டுப் பெற்றோரை நெருக்கக் கூடாது என்று மாநில அரசு சொல்லியிருந்தது. ஜூலை 17இல் சென்னை உயர் நீதிமன்றம் 40 சதவீதத்தை ஆகஸ்ட் 31க்குள் வசூலிக்கலாம் என்றது. அதுவும் முழுதாக வரவில்லை. டீச்சர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தோம். ஆன்லைன் வகுப்பில் அவர்கள் முகமாவது தெரிந்தது. ஆயாவுக்கும் டிரைவருக்கும் ஆன்லைனில் என்ன வேலை? அவர்கள் பெயர் சம்பளப் பட்டியலிலிருந்து இறங்கியது. பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அந்த எல்.கே.ஜி. ஆயாம்மா அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை நிம்மதி என்று சொல்வது சரிதானா என்று தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2023 மார்ச்சில், புதுச்சேரியில் ஃப்ளூ பரவுகிறது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதிவரை விடுமுறை விட்டார்கள். இது கொரோனா இல்லை, இன்ஃப்ளூயன்சாவேதான். அங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் வகுப்பும் உண்டு, பத்தாம் வகுப்பும் உண்டு.

"அத்தை, பத்தாவதுக்கு நான் போய்த்தான் ஆகணும். எட்டாவது வரைக்கும் எடுக்கற மிஸ்களுக்கு மட்டும் லீவா? இந்த நாளையெல்லாம் சி.எல்.ல கழிப்பாங்களா? 220 வேலை நாள் காட்டணும்னு சனிக்கிழமை வரச் சொல்லுவாங்களா?"

அரசு விட்ட விடுமுறையை யார் சி.எல்.லிலும் கழிக்க முடியாது, சனிக்கிழமை வேண்டுமானால் வரச் சொல்வார்கள், எதையும் வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொள்ளாதே, சர்குலராக வாங்கிக்கொள் என்றேன். பிறகு கேட்டேன்:

"சரி, உங்க ஸ்கூல்ல ஆயாங்களுக்கு? இந்தப் பதினோரு நாள் சம்பளம் உண்டா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியலையே அத்தை. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."