குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர்

ஓங்கோல் என்றால் காளை. நிறைய பேருக்கு அதோடு சரி. சென்னையிலிருந்து விஜயவாடா போகிறவர்கள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற ஊர். ஆனால் பாப்திஸ்து சபை வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கிற பெயர் பெரிய நகரங்கள் பலவற்றுக்குக் கிடையாது. உலகத்திலேயே பெரிய பாப்திஸ்து சபை என்று ஒரு காலத்தில் இதைத்தான் எழுதினார்கள். பார்த்துவிட்டு வந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. போகும் வழி, செலவு எல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ஆட்டோக்காரர். 1878-இல் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்த குண்டலகம்மா ஆற்றங்கரையை, வெள்ளம்பல்லி என்ற ஊரில், பார்க்க வேண்டும், போய்வர எவ்வளவு என்று கேட்டேன். "ரானு போனு எண்ணூறு" என்றார். பேசிப் பேசி அறுநூறுக்கு இறங்கினார். ஆற்றங்கரையில் நான் இருபது நிமிடம் நின்றிருப்பேன். திரும்பி வந்தால் வெயிட்டிங் சார்ஜ் சேர்த்து ஆயிரமாம்! வெளியூர்க்காரன், தெலுங்கு தட்டுத் தடுமாறிப் பேசுகிறான் என்றால் இப்படியா? போன தூரத்துக்கு முந்நூறு கொடுத்து அனுப்பிவிட்டு, நெடுஞ்சாலை வரை நடந்து, பல்லெ வெலுகு என்கிற அரசு கிராமப்புற பஸ் பிடித்துத் திரும்பினேன். டிக்கெட் விலையைப் பார்த்ததும் அந்த முந்நூறு இன்னும் வலித்தது. நீங்கள் போனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டே ஏறுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

அமெரிக்க பாப்திஸ்து மிஷனின் தெலுங்கு ஊழியத்தை 1836-இல் தொடங்கியவர் சாமுவேல் டே. நம் சென்னையிலும் சில காலம் இருந்துவிட்டு 1840-இல் நெல்லூருக்குப் போனார். வருஷக்கணக்கில் பாடுபட்டும் சேர்ந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பேசினார்கள். 1853-இல் ஆல்பனி நகரத்தில் கூடியபோது, வரைபடத்தில் தனியாக இருந்த நெல்லூர்ப் புள்ளியைக் காட்டி ஒருவர் "தனி நட்சத்திரம்" என்று சொல்ல, அந்தப் பெயரே இந்த மிஷனுக்கு நிலைத்துவிட்டது. அப்புறம் நெல்லூர் மிஷனரி லைமன் ஜூவெட் அமெரிக்காவுக்கு விடுமுறையில் போனபோது மறுபடியும் அதே பேச்சு. நான் தனியாகவாவது திரும்பிப் போய் அங்கேயே சாகிறேன் என்று அவர் நின்றாராம். அப்படியானால் உங்களைப் புதைக்கவாவது ஒருவரைக் கூட அனுப்ப வேண்டுமே என்று பதில் வந்ததாம். அப்படி 1864-இல் அவரோடு கப்பல் ஏறியவர்தான் ஜான் எவரெட் க்ளோ. முன்பு மினசோட்டாவில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். இந்தத் தொழிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊருக்குள் இருக்கிற குன்றுக்கு ஜெபக் குன்று என்று பெயர். 1854 ஜனவரி 1 அன்று விடிவதற்கு முன் ஜூவெட்டும் அவர் மனைவியும், நர்சு, ஜூலியா, ரூத் என்ற மூன்று உள்ளூர் விசுவாசிகளும் இதில் ஏறி, ஓங்கோலுக்கு ஒரு மிஷனரி வர வேண்டும் என்று ஜெபித்தார்கள். கீழே சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்த நிலத்தைக் காட்டி, மிஷன் வீட்டுக்கு அந்த இடம் போதுமா என்று ஜூவெட் ஜூலியாவிடம் கேட்டதாகச் சொல்வார்கள். பின்னால் பங்களா அங்கேயேதான் வந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பாறை சுடும். டிக்கெட் கிடையாது, என் பட்ஜெட்டுக்கு ஏற்ற இடம்!

க்ளோ 1866-இல் ஓங்கோலுக்கு வந்தார். 1867 ஜனவரி 1 அன்று எட்டே பேரோடு சபை தொடங்கியது. இன்று ஜூவெட் பெயரில் இருக்கும் நினைவு ஆலயத்தை ஊரில் ஜே.எம்.பி. சர்ச் என்று கேட்டால் காட்டுவார்கள். ஞாயிறு ஆராதனையில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தெலுங்குக் கீர்த்தனை ஒன்றை அத்தனை பேரும் புத்தகம் பார்க்காமல் பாடினார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி, எனக்குப் பாட்டு தெரியாதது கண்டு தன் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை, ஆனாலும் கடைசிவரை கையில் வைத்திருந்தேன்.

எல்லோரும் க்ளோவைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் பேச வேண்டியது எர்ரகுண்டல பெரய்யாவைப் பற்றி. தோல் வியாபாரி, மாதிகா சாதி. நம் பக்கத்து அருந்ததியரைப் போல ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்கள். வியாபாரத்துக்கு வடக்கே போன இடத்தில் இந்த விசுவாசத்தைக் கேள்விப்பட்டு வந்து, மனைவி நாகம்மாவோடு தன் ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அவர் கூப்பிட்டுத்தான் க்ளோ தல்லகொண்டபாடு போனார். ஒரே நாளில் 28 பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். விதை போட்டவர் பெரய்யா, பெயர் வெள்ளைக்காரருக்கு.

மாதிகாக்கள் வர ஆரம்பித்ததும் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மேல்சாதிப் பையன்கள் நின்றுவிட்டார்கள். பிராமணர்கள் வந்து, இவர்களைச் சேர்க்காதீர்கள் என்றார்கள். பெரிய மனிதர்களை வளைத்தால் ஊரே பின்னால் வரும் என்பது அன்றைய மிஷனரிகள் பலருடைய கணக்கு. க்ளோவும் அவர் மனைவியும் ஆளுக்கொரு அறையில் பைபிளைத் திறந்தபோது, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முதல் அதிகாரம், இருபத்தாறாம் வசனப் பகுதியே இருவர் கண்ணிலும் பட்டதாம். ஞானிகளும் பிரபுக்களும் அல்ல, எளியவர்களே அழைக்கப்பட்டார்கள் என்று சொல்லும் இடம். அதோடு முடிவு எடுத்துவிட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு மூன்று விதி: ஞாயிறு வேலை கூடாது, செத்த மாட்டுக் கறி கூடாது, விக்கிரகம் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு மேளம் அடிக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வர மாட்டேன் என்று ஒரு மாதிகா சொன்னால் அன்று என்ன நடந்திருக்கும்? அந்தத் துணிச்சல்தான் என்னை இந்த ஊருக்கு இழுத்தது.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அரசு நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டியது. சென்னையில் பறக்கும் ரயில் பாதைக்குக் கீழே மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய்தான். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியும் இதே பஞ்சத்தில் வெட்டியதே. ஓங்கோல் பக்கம் மூன்று மைலுக்கு மேல் வெட்டும் குத்தகையை நில அளவை தெரிந்த க்ளோ எடுத்தார். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கிடைத்தது. சபையின் பிரசங்கிகளே மேஸ்திரிகள்; ஓய்வு நேரத்தில் அவர்கள் பிரசங்கமும் செய்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று க்ளோ ஏறத்தாழ 15 மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணப் பணம் நின்ற பிறகும் கூட்டம் கலையவில்லை.

1878 ஜூலை 3, வெள்ளம்பல்லி, குண்டலகம்மா ஆறு. ஆறு பிரசங்கிகள், ஒரு நேரத்தில் இருவர் தண்ணீரில். அன்று மட்டும் 2,222 பேர்; முந்தின நாளையும் மறுநாளையும் சேர்த்தால் 3,536. தண்ணீரில் நின்றவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள், க்ளோ கரையில்தான் இருந்தார். எல்லோரும் 2,222 என்ற எண்ணைச் சொல்லிச் சிலிர்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிது அந்தப் 15 மாதம். சோற்றுக்காக வந்தவர்கள் என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மதியச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில். கோங்குரா, முத்தப்பப்பு, கந்திப்பொடி மேல் ஒரு கரண்டி நெய். இரண்டாவது முறை சோறு போதும் என்றேன். பரிமாறிய அண்ணன் காதில் வாங்கவே இல்லை. ஆட்டோவில் போன பணம் இங்கே மனசுக்குத் திரும்பி வந்தது. கிளம்பும்போது அல்லூரய்யா மைசூர்பாக் கால் கிலோ. அரைக் கிலோ வாங்கியிருக்கலாம், பர்ஸ் இடம் கொடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பகல் ரயிலில் உட்காரும் வகுப்பு இருநூறு ரூபாய்க்குள் முடியும். மே மாதம் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை போய் இறங்கினால் ஞாயிறு ஆராதனையும் பார்க்கலாம். கால்வாய்க்குக் கொத்தபட்டினம் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். தனி ஆட்டோ பேசாதீர்கள், ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ போதும்.