சல்லிவன்கள் நிறைந்த ஊரில் ஒரு கொள்ளுத்தாத்தா

என் கணவரின் பூர்வீகம் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பேரா தீபகற்பம். குடும்பப் பெயர் சல்லிவன். அந்தப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் சல்லிவன்தான். போதாக்குறைக்கு டேனியல், ஜான், மைக்கேல் என்று நாலைந்து பெயர்களையே தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா எவர் என்பதுதான் என் தேடல். இதுவரை வந்து சேர்ந்த இடத்தை எழுதி வைக்கிறேன்.

1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. 1861 முதல் 1891 வரையிலான தாள்களை அரசாங்கமே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1922க்கு முன் எடுத்தவற்றில் முழுதாகக் கிடைப்பது 1901, அப்புறம் 1911. இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

1901 தாளில் கொள்ளுத்தாத்தாவின் வயது 56. 1911இல் 71! அன்றைய தாள்களில் இது சகஜம். 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. 1864க்கு முன் பிறந்தவர்களுக்கு அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது. வயதை யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை, கூட்டிச் சொல்லக் காரணமும் இருந்தது. அதனால் வயதை நம்பி யாரையும் ஒதுக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

1911 தாளில் இன்னொரு கேள்வியும் உண்டு: எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்? கொள்ளுப்பாட்டியின் கட்டத்தில் 11, 7 என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் தேட மனம் வரவில்லை. பிறகு அந்தப் பதினொரு பேரையும் அரசுப் பிறப்புப் பதிவேட்டில் தேடி எடுத்தேன். அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், இங்கே ஹாரிங்டன். டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூரின் பெயரும் இருக்கும். தகவல் சொன்னவர் இடத்தில் பாட்டியின் பெயரை எழுத்தர் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு பெருக்கல் குறி. அது பாட்டியின் கைநாட்டு.

சர்ச் பதிவேட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேராவின் பெரும்பகுதி கார்க் கவுண்டியில் இருந்தாலும், சர்ச்சின் நிர்வாகப் பிரிவான மறைமாவட்டம் கெர்ரி. கெர்ரி பட்டியலில் தேடினால்தான் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் மார்ச் 3, அரசுப் பதிவில் பிறந்த தேதி மார்ச் 20! தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொல்வது வழக்கமாம். இப்படி முரண்படும்போது நான் பங்குத்தந்தை எழுதிய தேதியையே எடுத்துக்கொள்கிறேன்.

கொள்ளுத்தாத்தாவாக இருக்கக்கூடிய இரண்டு குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் தேறின. ஒரே பங்கு (சர்ச் வட்டாரம்), ஒரே பெயர், அப்பா பெயரும் ஒன்றே, ஒரு வருட இடைவெளி. திருமணப் பதிவில் அப்பா பெயர் மட்டும்தான், அம்மா பெயர் கிடையாது. முடிச்சை அவிழ்த்தது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஞானத்தாயின் குடும்பப் பெயர். இரண்டாவது குழந்தையின் ஞானத்தாய்க்கு அந்தப் பங்கில் அரிதான ஒரு குடும்பப் பெயர். கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றவருக்கும் அதே பெயர். அந்தக் காலத்தில் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினர், இல்லையென்றால் பக்கத்து வீட்டார். இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயதைவிட இதைத்தான் நம்புகிறேன். ஒரே பெயர்கள் குவிந்த ஊரில் தேடுகிறவர்கள் ஞானப்பெற்றோர் பெயர்களை முதல் நாளிலிருந்தே தனியாக ஒரு பட்டியலில் குறித்து வையுங்கள்.

அடுத்தது கிரிஃபித் நில மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுக்க எடுத்தது. அந்த டவுன்லேண்டில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரில் நிலமோ வீடோ இருந்ததா என்று பார்க்க வேண்டும். இறந்துபோன நான்கு பிள்ளைகளில் மூவரின் இறப்புப் பதிவு கிடைத்துவிட்டது. நான்காவது ஒரு பெண் குழந்தை. அவளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.