மூட்டுக்குள் மணல்

பொத்தான் வெளியே வரவில்லை.

மடிப்பு மலையேற்றத் தடியின் மூன்று துண்டுகளையும் நேராக்கி இழுத்தேன். வழக்கமான 'டக்' சத்தம் கேட்கவில்லை. செத்த பாம்பைப் போலக் கையில் தொங்கியது.

இணைப்பு வாய்க்குள் விரல் விட்டால் நறநறவென்று மணல். துண்டுகள் முழுதாகப் பொருந்தினால்தானே தடியை விறைப்பாகப் பூட்டும் பொத்தான் தன் இடத்துக்கு வரும்? போன பயணத்தின் சேற்றோடு அப்படியே மடித்து மூலையில் போட்டவன் நான்தான். யாரைத் திட்டுவது?

துண்டுகளைச் சேர்த்து இழுத்துப் பிடிக்க உள்ளே ஓடும் கயிறுதான் பயமுறுத்தியது. அறுந்துவிடவில்லை, ஆனால் குழாயின் விளிம்பில் உரசும் இடத்தில் மேலுறை தேய்ந்து பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. மலை இறக்கத்தில், முழு எடையையும் தடிமேல் போட்ட நேரத்தில் அது போயிருந்தால்? நினைக்கவே முழங்கால் கூசுகிறது.

பழைய பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான நீர், ஒரு துணி. எண்ணெய் போடக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். எண்ணெய்ப் பசையில் மணல் இன்னும் நன்றாக ஒட்டும்.

பிறகு தண்டு முழுவதும் நகத்தால் வருடிப் பார்த்தேன். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். என்னுடையது கார்பன். சிறு கீறலை மறைத்து வைத்திருந்து ஒருநாள் பட்டென்று முறியும் அழுத்தக்காரன்.

கீறல் இல்லை. துண்டுகளை மடிக்காமல் காற்றில் உலர வைத்திருக்கிறேன். புதுக் கயிறு வந்ததும் கோக்க வேண்டும்.

இப்போது ஜோடியில் இன்னொன்றைப் பிரிக்கிறேன். அதிலும் மணல்.