ஆல்ஃபா 1 துரோகியான கதை

எதிரியின் நாசகாரிக் கப்பல் ஒன்றைத் தகர்க்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. எதிரியோடு சண்டை போட்டது கடைசி நாளில்தான். மற்ற பத்து நாளும் நான் எழுதிய நிபந்தனைகளோடுதான் மல்லுக்கட்டினேன்.

ஃப்ரீஸ்பேஸ் 2 என்பது 1999-இல் வெளிவந்த விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டு. 2002-இல் அதன் மூல நிரலையே வெளியிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் அதைப் பழுது பார்த்து, மெருகேற்றி, விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிஷன், அதாவது விளையாடுபவர் பறந்து முடிக்கவேண்டிய போர்ப்பணி, எழுதும் கருவியும் விளையாட்டோடு கூடவே வந்தது. அதன் பெயர் ஃப்ரெட். பெயரைக் கேட்டால் சாதுவான எழுத்தர் போலத் தோன்றும். எழுத்தர்தான், ஆனால் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் செய்துமுடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ரகம்.

என் திட்டம் எளிமையானது. கலகக்காரர்களான நியோ-டெரன் ஃப்ரண்ட் படையிடம் ஓரியன் வகை நாசகாரிக் கப்பல் ஒன்று இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நான்கு உர்சா குண்டுவீச்சு விமானங்கள் போய் அதை ஒழிக்கவேண்டும். அதுதான் ஆல்ஃபா படை; விளையாடுபவர் ஓட்டுவது ஆல்ஃபா 1. துணைக்கு நான்கு போர் விமானங்கள். கப்பல் ஒழிந்தபின் அதற்குச் சரக்கு கொண்டுவரும் கப்பலையும் ஒரு கை பார்க்கவேண்டும். உர்சா என்றால் லத்தீனில் கரடி. ஓட்டிப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். திரும்பச் சொன்னால் யோசித்துத்தான் திரும்பும்.

முதல் ஓட்டம் பன்னிரண்டு நொடி நீடித்தது. ஃப்ரெட்டில் எந்தக் கப்பலை வைத்தாலும் அதன் வருகை நிபந்தனை 'உண்மை' என்றே இருக்கும். உண்மை என்றால் 'இப்போதே வா' என்று பொருள். அதை நான் மாற்றவில்லை. முதல் அலை, இரண்டாம் அலை, உச்சக்கட்டத்துக்கென்று ஒளித்துவைத்திருந்த மூன்றாம் அலை எல்லாம் புற்றீசல் போல ஒரே நொடியில் வந்து இறங்கின. என் கரடி பாதி திரும்புவதற்குள் கதை முடிந்தது.

அடுத்து, போர்க்களம் களைகட்டட்டும் என்று நம் பக்கமும் ஒரு பெருங்கப்பலை நிறுத்தினேன். இந்த விளையாட்டில் பெருங்கப்பல்களின் ஒளிக்கற்றை ஆயுதங்கள் முதலில் பூட்டியே இருக்கும். கட்டளை கொடுத்துத் திறந்துவிடவேண்டும். திறக்க மறந்தபோது இரண்டும் பாகத்தகராறு தீராத அண்ணன் தம்பிபோல முறைத்துக்கொண்டு நின்றன. திறந்துவிட்டபோது, நாங்கள் குண்டுபோடும் தூரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நம் கப்பலே எதிரியின் கணக்கை முடித்துவிட்டது. நம் கப்பலை நீக்கினேன்.

ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில், பழைய கப்பலை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்து, சோதித்துப் பார்க்காமலேயே நண்பனுக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

"என்னைக் கொன்றது உன் ஆட்கள்."

விஷயம் இதுதான். கலகக்காரர்கள் நம்மிடமிருந்து பிரிந்துபோனவர்கள். நம் கப்பல்களையேதான் ஓட்டுகிறார்கள். டெரன், அதாவது மனிதர் தரப்புக் கப்பலை வைத்தால் ஃப்ரெட் அதை நட்புப் பட்டியலில்தான் சேர்க்கும். எதிரி என்று நாம்தான் மாற்றவேண்டும். நான் மாற்றவில்லை. நண்பன் போனபோது எதிரியின் தலைமைக் கப்பல் ரேடாரில் நட்பு நிறமான பச்சையில், பரம சாதுவாக நின்றிருக்கிறது. சைக்ளாப்ஸ் என்ற குண்டு அதைக் குறியாகப் பிடிக்கவே மறுத்திருக்கிறது. அவன் விட்டானா? துப்பாக்கியால் சுரண்டத் தொடங்கியிருக்கிறான். கூட வந்தவர்கள் பார்த்துச் சுடும்படி எச்சரித்திருக்கிறார்கள். அதையும் பொருட்படுத்தவில்லை. இதற்கு மேல் தாங்காது என்று விளையாட்டு அவனைத் துரோகி என்று அறிவித்ததும், காவலுக்கு வந்த நான்கு விமானங்களும் அவன்மேல் பாய்ந்திருக்கின்றன.

"பச்சையாக இருந்ததைப் பார்த்தாயே, நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கதையில் ஏதோ திருப்பம் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். எச்சரிக்கை வந்தபோதுகூட, அடடா, நன்றாக எழுதியிருக்கிறானே என்றுதான் தோன்றியது."

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

எதிரியை எதிரியாக்கி மறுபடி அனுப்பினேன். இந்த முறை குண்டு குறியைப் பிடித்தது, கப்பல் வெடித்தது, நண்பன் ஊர் திரும்பினான். மிஷன் முடிந்ததும் தளபதி பேசும் பக்கம் வரும். எந்தெந்தப் பகுதியின் நிபந்தனை உண்மையாகிறதோ அத்தனையையும் வரிசையாகக் காட்டும். முதல் பகுதியில் தளபதி அவனை வானளாவப் புகழ்ந்தார். அடுத்த பகுதியில் அதே தளபதி, படைக்கே தலைகுனிவு என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். சரக்குக் கப்பல் அழியாவிட்டால் திட்டு என்று நிபந்தனை எழுதியிருந்தேன். நண்பன் அவசரப்பட்டுக் கிளம்பியபோது சரக்குக் கப்பல் வரவே இல்லை. வராத கப்பல் அழியாத கப்பல்தானே? ஃப்ரெட்டின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முயன்றேன், இல்லை.

"இனிமேல் உத்தரவு வராமல் நான் களத்தை விட்டு நகரமாட்டேன்" என்று நண்பன் எழுதினான். கோபத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

சரக்குக் கப்பலைச் சீக்கிரமாக வரவழைத்தேன். வந்தது. நான் குறித்துவைத்த வழிப்புள்ளிகளைச் சுற்றியது, மறுபடி சுற்றியது, மறுபடியும் சுற்றியது. ஃப்ரெட்டில் 'வழிப்புள்ளிகளில் போ' என்று ஒரு கட்டளை, 'ஒருமுறை மட்டும் போ' என்று வேறொரு கட்டளை. நான் கொடுத்தது முதலாவது. நாசகாரிக் கப்பல் எரிந்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் செக்குமாடு போல ஒரு சரக்குக் கப்பல் வலம் வந்துகொண்டிருந்தது. சுட மனம் வரவில்லை என்றான் நண்பன். பிறகு சுட்டுவிட்டான்.

பதினோராம் நாள் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து அனுப்பினேன். வருகை நிபந்தனைகள் ஒழுங்கு. எதிரிகள் சிவப்பு. தளபதிக்கு ஒரே நாக்கு. இரவு நெடுநேரம் கழித்து நண்பனிடமிருந்து செய்தி வந்தது.

"இரண்டு கப்பலும் வெடித்து நாற்பது நிமிடம் ஆகிறது. திரும்பிவரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லையே. நான் இங்கேயேதான் இருக்கிறேன்."

பதறிப்போய் ஃப்ரெட்டைத் திறந்தேன். 'ஆல்ஃபா படை தளம் திரும்பலாம்' என்ற செய்தியை எழுதித்தான் இருந்தேன். வெற்றி பெற்றதும் அனுப்பு என்ற நிபந்தனையும் சரியாகவே இருந்தது. அனுப்புநர் என்ற இடத்தில் மட்டும், பட்டியலில் கைதவறி, நண்பன் சற்றுமுன் தூள்தூளாக்கிய நாசகாரிக் கப்பலைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.